நான் வாசிக்காத நாலாம் பக்கம்

சென்ற மாதம் மலாக்கா ஹோட்டல் ஒன்றில் டாக்டர்களுக்காக ஒரு கூட்டம் நடந்தது. அபூர்வமாக வரும் நோய்களைப் பற்றி ஒரு மருந்துக் கம்பெனி ஏற்பாடு செய்த கூட்டம். என் தம்பி மகள் சுமதி டாக்டர். "பெரியப்பா, உங்க பழைய தொழில்தானே, வந்து பாருங்களேன்" என்று என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போனாள். வாசலில் ஆளுக்கு ஒரு கையேடு கொடுத்தார்கள். அதன் முதல் பக்கத்திலேயே, சிவப்புக் கட்டத்துக்குள், அந்தக் கம்பெனியின் மருந்தை எப்போது நிறுத்தக்கூடாது என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். நோயாளி சட்டைப்பையில் வைத்துக்கொள்ள ஒரு சிறு அட்டையும் இருந்தது. அவர் மயங்கி விழுந்தால், தூக்குகிறவர்கள் டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

அதை இரண்டு தடவை படித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். திரும்பும் வழியில் சுமதி, "உங்க காலத்துல இதெல்லாம் எப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டாள். "பையைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சோம்" என்று மட்டும் சொன்னேன். காரில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் தருமலிங்கம். ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அப்பா ஆஸ்பத்திரி டிரெசராக இருந்தார். புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா கலக்கிக் கொடுப்பதும்தான் அவர் வேலை. பள்ளிக்கூடத்தில் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை முடித்துவிட்டு மலாக்காவில் ஒரு மருந்துக் கடையில் இரண்டு வருஷம் புட்டிக்கு லேபிள் ஒட்டினேன். பிறகு ஒரு வெள்ளைக்கார மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி வேலை கிடைத்தது. சிங்கப்பூரில் ஆறு வாரம் பயிற்சி. அதன்பின் மலாக்கா, தம்பின், மூவார் மூன்றும் என் எல்லை. மலாக்காவின் காஜா பெராங் பகுதியில் ஒரு வீட்டின் முன்பகுதியை வாடகைக்குப் பிடித்தேன். கல்யாணம் ஆகவில்லை. துணைக்கு ஒரு பழைய மோரிஸ் மைனர் கார், ஒரு தோல் பை, மூன்று கழுத்துப்பட்டை.

எங்கள் வேலை என்னவென்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளங்காது. சிங்கப்பூரில் மருத்துவம் படித்து முடித்துவிட்டு ஒரு சின்ன ஊரில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டருக்கு, அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட மருந்துகளைப் பற்றி யார் சொல்வது? கப்பலில் வரும் மருத்துவப் பத்திரிகை மாதக்கணக்கில் உறை பிரிக்காமல் கிடக்கும். புதுச் செய்தியோடு அவர் அறைக்குள் நுழைகிற ஒரே ஆள் நாங்கள்தான். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. பெருமை இல்லாமல் அந்த வெயிலில் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு அலைய முடியாது.

எனக்கு மேலதிகாரி திரு. அருளம்பலம். யாழ்ப்பாணத்துக்காரர். சிங்கப்பூர் அலுவலகத்தில் இருப்பார், மாதம் ஒரு தடவை காரில் வருவார். கஞ்சி போட்ட வெள்ளைக் கால்சட்டையில் ஒரு சுருக்கம் பார்க்க முடியாது. அலுவலகத்தில் ஆங்கிலம்தான் பேசுவார். பாடம் சொல்லும்போதும் கோபம் வரும்போதும் மட்டும் தமிழ் வரும். எனக்கு அவரிடமிருந்து கிடைத்தது பெரும்பாலும் தமிழ்.

ஒவ்வொரு புது மருந்துக்கும் என் வீட்டுக் கூடத்தில் ஒத்திகை நடக்கும். அவர் நாற்காலியில் டாக்டராக உட்கார்ந்துகொள்வார். நான் வாசலுக்கு வெளியே போய்க் கதவைத் தட்டிவிட்டு வர வேண்டும்.

"காணும், கடைசி நோயாளி வெளிய வரும்வரைக்கும் வாங்குப் பலகையில பொறுமையா இரும். டாக்டர் இருக்கச் சொல்லாமல் இருக்கக்கூடாது. உமக்கு மூண்டு நிமிஷம்தான். மூண்டாவது நிமிஷம் முடிய முந்தி நீராகவே எழும்ப வேணும். எழும்புறவனைத்தான் திரும்பக் கூப்பிடுவினம்."

டாக்டர் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை எழுதிவைக்கச் சொன்னார். எந்த நேரம் கூட்டம் குறைவு, காப்பியா தேநீரா, பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடம், போன தடவை என்ன கேட்டார், அதற்கு என்ன பதில் சொன்னேன் எல்லாம் அதில் இருக்கும். கிளினிக் வாசலில் காரை நிறுத்தி, அட்டையைப் படித்துவிட்டுத்தான் இறங்குவேன்.

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரம் அடைந்ததற்கு, முந்திய வருஷம் கார்ட்டிசோன் மாத்திரையோடு ஒரு மடிப்புத் தாள் வந்தது. மடித்தால் நான்கு பக்கம். முதல் பக்கத்தில் ஆங்கிலேயர் இருவரின் கைகள், நோயில்லாதவர் கை வெளுப்பு, நோயாளியின் கை கருப்பு. இரண்டாம் பக்கத்தில் அடிசன் என்ற நோயின் அடையாளங்கள். சிறுநீரகங்களுக்கு மேலே தொப்பி வைத்தாற்போல இரண்டு சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. காசநோய் போன்ற ஏதாவது வந்து அவை கெட்டுப்போனால் ஆள் மெலிவார், தோலும் ஈறும் கறுக்கும், எழுந்து நின்றால் தலைசுற்றும், உப்பின் மேல் அடங்காத ஆசை வரும். கடைசியில் ஒருநாள் விழுந்து செத்துப்போவார். அந்தச் சுரப்பி தர வேண்டியதை இந்த மாத்திரை தரும். மூன்றாம் பக்கத்தில் எத்தனை மாத்திரை என்ற விவரம். நாலாம் பக்கத்தில் பொடி எழுத்தில் கவனிக்க வேண்டியவை.

ஒத்திகையில் நான் நாலாம் பக்கத்துக்குப் போனதும் அருளம்பலம் கையை நீட்டித் தடுத்தார்.

"அதைத் திருப்பாதேயும். தாளை நல்லா மடிச்சு, உம்மட பெருவிரல் அதுக்கு மேல இருக்கிற மாதிரிப் பிடியும். நாலாம் பக்கத்தை டாக்டர் பிறகு ஆறுதலா வாசிப்பார். நீர் வாசிச்சுக் காட்டினால் அவர் பயந்து போவார். பயந்த டாக்டர் மருந்து எழுத மாட்டார்."

"சார், இந்த நோய் இந்த ஊர்ல யாருக்கு வரப்போகுது?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "ஒருத்தருக்கும் வராமல் இருக்கலாம். ஆனால் இந்த மாதிரி அபூர்வ வருத்தத்தைப் பற்றிச் சொல்லிப் பாரும், டாக்டர் கதிரையில நிமிர்ந்து இருப்பார். படிக்கிற காலத்தில பரீட்சைக்கு வந்த வருத்தமெல்லோ! அப்பிடி நிமிர்ந்த நேரம் பார்த்து, இதே மருந்து மூட்டு வருத்தத்துக்கும் இழுப்புக்கும் நல்லது எண்டு சொல்லும். அதுதான் வியாபாரம். மற்றது உள்ள போற கதவு."

அவர் சொன்னபடியே நடந்தது. எல்லா டாக்டர்களும் நிமிர்ந்தார்கள். எல்லாரும் மூட்டு வலிக்கு எழுதினார்கள். சிங்கப்பூரிலிருந்து எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. நாலாம் பக்கத்தை நான் அந்த வருஷம் முழுவதும் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானே அதை ஒரு தடவைக்கு மேல் வாசிக்கவில்லை.

என் வீட்டுக்கு அடுத்த வீடு நாராயணன் வீடு. மலாக்காச் செட்டிகள். பல தலைமுறைக்கு முன்னே தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கேயே கலந்துபோனவர்கள். கோயிலும் விபூதியும் நம்முடையவை, வீட்டுப் பேச்சு மலாய். நாராயணனுக்கு நாற்பது வயதிருக்கும். தண்ணீர் இலாகாவில் குழாய் மேற்பார்வை. நான் அவரை மலாய் வழக்கப்படி 'அபாங்', அதாவது அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் மனைவி காமாட்சியை மட்டும் தமிழில் அக்கா என்பேன். அவருக்கு அந்த வார்த்தை பிடிக்கும். அவர்கள் பேசியதையெல்லாம் நான் இங்கே தமிழில்தான் எழுதுகிறேன்.

காமாட்சி அக்கா வாட்டசாட்டமான பெண். பாத்திக் கைலி கட்டிக்கொண்டு அம்மியில் மிளகாய் அரைத்தால் என் வீட்டுச் சுவர் அதிரும். தனியாள் என்று எனக்குத் தினமும் ஒரு கிண்ணம் கறி வரும். அந்த வருஷம் கிண்ணம் வருவது குறைந்தது. அக்கா இளைத்துக்கொண்டே போனார். "வேலை அதிகம்" என்றார். பிறகு "வயசாகுது" என்றார். முப்பத்தாறு வயதில்! கறுத்துப் போனதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. நானும்தான். தாளில் இருந்தது வெள்ளைக்காரன் கை. நம்மில் ஒருத்தர் கறுத்தால் வெயில் என்போம், கவலை என்போம்.

மெர்டேக்கா காலையில் எங்கள் தெருவே பாடாங்குக்குப் போனது. கடலோரத் திடலில் கொடியேற்றம், பள்ளிப் பிள்ளைகளின் அணிவகுப்பு. நாராயணனும் இரண்டு மகன்களும் விடிவதற்குள் கிளம்பிவிட்டார்கள். நான் தொப்பியை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்தேன். அடுத்த வீட்டு வாசல் திறந்திருந்தது. அக்கா சமையலறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் சிஞ்சாலோக் புட்டி. உப்பில் ஊறப்போட்ட பொடி இறால் அது. எலுமிச்சை பிழிந்து, சோற்றோடு விரல் நுனியளவு தொட்டுக்கொள்வார்கள். அதற்கு மேல் நாக்குத் தாங்காது. அக்கா கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, கொடியேத்தறதைப் பாக்கப் போகலையா?"

"எழுந்திரிச்சா கண்ணு இருட்டுது, லிங்கம். நீ போ." பிறகு புட்டியைப் பார்த்துக் குழந்தையைப் போலச் சிரித்தார். "திட்டாதே. இது மட்டும்தான் வாய்க்கு ருசியா இருக்கு."

சிரித்தபோது ஈறுகளைப் பார்த்தேன். கன்னத்தின் உட்புறமும் ஈறும் மை தடவியதுபோல் கறுத்திருந்தன. முழங்கையில் பழைய எண்ணெய்த் தழும்பு ஒன்று உண்டு, முன்பெல்லாம் வெளுப்பாக இருக்கும். அது இப்போது கரியாக இருந்தது. இரண்டாம் பக்கம் முழுவதும் என் எதிரே தரையில் உட்கார்ந்திருந்தது. அதை ஒரு வருஷமாக ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

மறுநாளே ஜாலான் பெண்டஹாரா தெருவில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் தேவசகாயத்திடம் போனேன். நாகர்கோவில்காரர், மென்மையான மனிதர். நோயாளியைப் பற்றிப் பிரதிநிதி வாய் திறக்கக்கூடாது என்பது எங்கள் விதி. அன்று அதை மீறினேன். அவர் நிமிர்ந்துதான் உட்கார்ந்தார்.

"நீ சொல்றது அதுதான்னா, லிங்கம், நான் புஸ்தகத்துல மட்டும்தான் பாத்திருக்கேன். கூட்டிட்டு வா."

படுக்கவைத்து ஒரு தடவை, நிற்கவைத்து ஒரு தடவை ரத்த அழுத்தம் பார்த்தார். நிற்கவைத்தபோது அக்கா அவர் மேலேயே சரிந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே ரத்தம் எடுத்தார்கள், தண்ணீர் குடிக்கவைத்துச் சிறுநீரை அளந்தார்கள். அதே நோய்தான். டாக்டர் மாத்திரையைத் தொடங்கினார். நான் கம்பெனி எனக்குத் தந்திருந்த சாம்பிள் மாத்திரைகளையெல்லாம் அவர் மேசையில் கொண்டுபோய்க் கொட்டினேன்.

பத்தாம் நாள் அக்கா கிணற்றடிக்கு நடந்து வந்தார். ஒரு மாதத்தில் சந்தைக்குப் போனார். தீபாவளிக்கு என் வீட்டுச் சுவர் மறுபடி அதிர்ந்தது. நாராயணன் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றார். என் தொழில் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய சந்தோஷம் எனக்குக் கிடைத்ததில்லை. அதை மறைக்க மாட்டேன்.

அருளம்பலத்துக்கு எழுதினேன். அடுத்த வாரமே வந்துவிட்டார். சந்தோஷத்தில் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. மூவாரில் ரெஸ்ட் ஹவுஸில் ஒரு கூட்டம் வைப்பது, ஜொகூர் வட பகுதி டாக்டர்களையெல்லாம் கூப்பிடுவது, லண்டனிலிருந்து வந்த படத்தைத் திரையிடுவது, டாக்டர் தேவசகாயம் தாம் கண்டுபிடித்த நோயாளியைப் பற்றிப் பேசுவது என்று திட்டம் போட்டார். டாக்டர் கூச்சப்பட்டார், கடைசியில் ஒத்துக்கொண்டார். நாள் பிடிப்பதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. அடுத்த வருஷம் எங்கள் அம்மன் கோயில் திருவிழா நடந்த வாரத்தில், ஒரு சனிக்கிழமைதான் எல்லாருக்கும் ஒத்துவந்தது.

புதன்கிழமை கோயிலில் காப்புக் கட்டினார்கள். வியாழன் மாலை நான் வேலை முடிந்து வந்தபோது காமாட்சி அக்கா வாசலில் நின்றிருந்தார். மஞ்சள் புடவை, கையில் மஞ்சள் கயிறு, முகத்தில் அப்படி ஒரு களை.

"பிழைச்சு எழுந்தா பத்து நாள் உப்பில்லாம விரதம் இருக்கேன்னு அம்மனுக்கு வேண்டியிருந்தேன், லிங்கம். நேத்திலிருந்து ஆரம்பிச்சிட்டேன்."

"உப்பில்லாமலா? உங்களால முடியுமா அக்கா?"

"இப்ப முடியுது பாரு! மாத்திரையும் இந்தப் பத்து நாளைக்கு வேண்டாம்னு வச்சிட்டேன். அம்மன் முன்னாடி நின்னுக்கிட்டு மாத்திரை முழுங்கினா அவளை நம்பலைன்னுதானே அர்த்தம்?"

எனக்குள் ஏதோ நெருடியது. நாலாம் பக்கத்தில் நிறுத்துவதைப் பற்றி ஏதோ இருந்தது என்ற அளவுக்கு ஞாபகம். என்ன என்று சரியாகத் தெரியவில்லை. பை என் கையில்தான் இருந்தது. தாள் பைக்குள்தான் இருந்தது. அங்கேயே திறந்து பார்த்திருக்கலாம். ஆனால் ஒருத்தர் வேண்டுதலில் இருக்கும்போது, அவர் வாசலில் நின்றுகொண்டு அம்மனுக்கும் அவருக்கும் நடுவே நான் எப்படிப் புகுவது என்று நினைத்தேன். நான் டாக்டரும் இல்லை. "டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டேன். "திருவிழா முடியட்டும்" என்றார். சரி, டாக்டரிடம் நானே சொல்லிவிடலாம் என்று உள்ளே போய்விட்டேன்.

டாக்டரிடம் சொல்ல வெள்ளிக்கிழமை முழுவதும் எனக்கு இருந்தது. அன்று படம் காட்டும் இயந்திரத்தை வாங்கி வர வேண்டியிருந்தது, திரைத்துணியைத் துவைத்து இஸ்திரி போட வேண்டியிருந்தது. கிளினிக்குக்கு இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் டாக்டரின் பேச்சுக் குறிப்பைப் பற்றித்தான் பேசினேன். சனிக்கிழமை காலை அருளம்பலத்தின் காரில் மூன்று பேரும் கிளம்பினோம். டாக்டர் கிளினிக்கைப் பூட்டிவிட்டு வந்தார். வழி முழுக்க அருளம்பலம் அவருக்கு எங்கே நிறுத்திப் பேசுவது, எந்த இடத்தில் படம் காட்டுவது என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டு வந்தார். நான் முன் இருக்கையில் டிரைவர் பக்கத்தில் இருந்தேன். திரும்பி ஒரு வாக்கியம் சொன்னால் போதும். மேலதிகாரி பேசும்போது குறுக்கே பேசுவது எப்படி என்று இருந்துவிட்டேன். படகில் கார் ஏறி மூவார் ஆற்றைக் கடந்தது.

கூட்டம் நன்றாக நடந்தது. பதினைந்து பதினாறு டாக்டர்கள். தேநீர், கேக், சாண்ட்விச். படத்தில் ஊன்றுகோலோடு வந்த வெள்ளைக்காரப் பெண்மணி கடைசியில் படியேறி ஓடினாள். எல்லாரும் கை தட்டினார்கள். அப்புறம் டாக்டர் தேவசகாயம் காமாட்சி அக்காவைப் பற்றிப் பேசினார். பெயர் சொல்லாமல், சிஞ்சாலோக் புட்டியிலிருந்து தொடங்கி அழகாகச் சொன்னார். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

பின் வரிசையில் தோட்டத்து டாக்டர் ஒருவர், நரைத்த தலை, பைப் புகைத்துக்கொண்டிருந்தவர், கையைத் தூக்கினார். "அந்த அம்மாள் மாத்திரையை ஒரு வாரம் நிறுத்திவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டார்.

டாக்டர் தேவசகாயம் தம் குறிப்பைப் புரட்டினார். என்னைப் பார்த்தார். அருளம்பலம் புன்னகையோடு எழுந்தார். "மிக நல்ல கேள்வி. விவரமெல்லாம் எங்கள் தாளின் நாலாம் பக்கத்தில் தெளிவாகவே இருக்கிறது" என்று சொல்லி, என்னிடம் தாள்களைக் கொடுக்கும்படி சைகை காட்டினார்.

வரிசை வரிசையாகத் தாளை நீட்டிக்கொண்டே கையில் மிஞ்சியதைத் திருப்பி வாசித்தேன். அந்த வரி இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். இந்த நோயாளிகளுக்கு மருந்தை ஒருபோதும் நிறுத்தக்கூடாது. உப்பைக் குறைக்கக்கூடாது. மீறினால் சில நாட்களிலேயே வாந்தியும் மயக்கமும் வந்து உயிர் போகக்கூடும்.

மீதித் தாள்களை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு டாக்டரிடம் போனேன். அவர் யாரோடோ கை குலுக்கிக்கொண்டிருந்தார். காதோரம் சொன்னேன். அவர் குலுக்கிய கையை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எப்ப நிறுத்தினா?"

"புதன்கிழமை சார்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"வியாழக்கிழமை."

 அவர் தொப்பியைக்கூட எடுக்காமல் காரை நோக்கி நடந்தார். படகுக்காகக் காத்திருந்த நேரத்தில், ஆற்றைப் பார்த்தபடி ஒரே ஒரு தடவை பேசினார். "நானும் வாசிக்கலை, லிங்கம். டாக்டர் நான். நானும் அந்தப் பக்கத்தை வாசிக்கலை." அவருக்கு மாத்திரையைப் பற்றித் தெரிந்ததெல்லாம் நான் அந்த மூன்று நிமிஷத்தில் சொன்னதுதான்.

நாங்கள் காஜா பெராங் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கோயிலில் மேளம் கேட்டது. நாராயணன் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன.

காலையில் வாந்தி தொடங்கியிருக்கிறது. பகலுக்குள் கண் சொருகிவிட்டது. வாடகைக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அக்காவை முன்பின் தெரியாத டாக்டர் ஒருவர், என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று அங்கே கேட்டபோது, "விரதம், மருந்து ஒன்றும் சாப்பிடவில்லை" என்று நாராயணன் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். கூட்டத்தில் நாங்கள் படம் காட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அக்கா போய்விட்டார்.

டாக்டர் தேவசகாயம் கூடத்தில் உடலருகே நெடுநேரம் நின்றார். பிறகு வெளியே வந்து, படியில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டார். அவர் அதன்பிறகு எந்தக் கம்பெனிப் பிரதிநிதியையும் உள்ளே விடவில்லை. என்னையும்தான். வாங்கில் உட்கார்ந்திருந்தால் டிரெசரை அனுப்பி, "டாக்டர் வேலையா இருக்கார்" என்று சொல்லச் சொல்வார். நான் அதைக் குறையாக நினைத்ததில்லை.

மறுநாள் காரியமெல்லாம் முடிந்து ஆட்கள் போன பிறகு நாராயணன் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவர் கேட்கப்போகிறார், சொல்லிவிட வேண்டியதுதான் என்று நான் தயாராக இருந்தேன். அவர் கேட்கவில்லை. தானாகவே சொன்னார்.

"லிங்கம், நான்தான் அவளைக் கொன்னுட்டேன்."

"என்ன அபாங் சொல்றீங்க?"

"காலையில வாந்தி எடுத்துட்டுப் படுத்திருந்தா. உப்பு, உப்புன்னு முனகினா. விரதம்னு நானும் பொறுத்துப் பாத்தேன். பிறகு மனசு கேட்கலை. ஒரு கரண்டி கஞ்சியில உப்புப் போட்டு வாயில ஊத்தினேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தா, லிங்கம். பொழுது சாயறதுக்குள்ள போயிட்டா. வேண்டுதலை நான் முறிச்சிட்டேன். அம்மன் பொறுக்கலை."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் தப்பு இல்லை, அன்று அவருக்கு எல்லாரும் செய்ததில் அந்த ஒரு கரண்டி உப்புக் கஞ்சிதான் சரி, அதை இன்னும் பத்துக் கரண்டி கொடுத்திருக்கலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அடுத்த கேள்வி, உனக்கு எப்படித் தெரியும், எப்போது தெரியும் என்பதாக இருக்கும். அதற்கு என்னிடம் இருந்த பதில் வியாழக்கிழமை. அருளம்பலம் போகும்போது, "வீட்டாரோட ஒண்டும் கதைக்க வேண்டாம்" என்று சொல்லியிருந்தார். அதை எனக்கு நானே சாக்காகச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் நாக்கைப் பிடித்தது பயம். "அப்படியெல்லாம் நினைக்காதீங்க அபாங்" என்றேன். எல்லாரும் சொல்கிற வார்த்தைதான்.

அதற்குப் பிறகு நான் ஒவ்வொரு டாக்டரிடமும் நாலாம் பக்கத்தை முதலில் வாசித்தேன். மூன்று நிமிஷத்தில் இரண்டு நிமிஷம் அதற்கே போகும். மருந்து விற்பனை குறைந்தது. அருளம்பலம் ஒருநாள் தம்பினுக்கு என்னோடு வந்து, டாக்டர் அறையில் ஒரு மூலையில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். காரில் திரும்பும்போது தம்முடைய கால்சட்டை மடிப்பைத் தடவிக்கொண்டே வந்தார்.

"நீர் சொல்லுறது சரி" என்றார் பிறகு. "இனிமேலும் அப்பிடியே சொல்லும். நான் மறிக்க மாட்டன். ஆனால் நான் உமக்குச் சொல்லித்தந்தது பிழை எண்டு மட்டும் எனக்கு முன்னால ஒருநாளும் சொல்லாதேயும். முப்பது பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கிறன்."

நான் சொல்லவில்லை. அவரும் வயதானவர், அந்த முப்பது பேரையும் அவர் எண்ணிப் பார்த்திருப்பார். அடுத்த வருஷம் ஓய்வு பெற்று யாழ்ப்பாணம் போய்விட்டார்.

நான் அந்த வேலையில்தான் ஓய்வு பெறும்வரை இருந்தேன். எத்தனையோ நோய்களை டாக்டர்களுக்கு எடுத்துச் சொன்னேன். சிலர் பிழைத்திருப்பார்கள். கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, அதே வீட்டை வாங்கிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டேன். அடுத்த வீட்டில் நாராயணனும் இருந்தார். ஒவ்வொரு வருஷமும் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியதும் அவர் உப்பை விட்டுவிடுவார். பத்து நாள், உப்பில்லாத வெறுஞ்சோறு. அக்காவின் விரதத்தைத் தாம் முறித்ததற்கு அது பரிகாரம். முதுமையில் உடம்பு தளர்ந்த பிறகும் விடவில்லை. மகன்கள் கெஞ்சினார்கள். என் மனைவிகூட ஒரு தடவை, "நீங்க சொன்னாக் கேப்பாரு, சொல்லுங்களேன்" என்றாள். அவளுக்கும் விஷயம் தெரியாது. இப்படி இருபத்திரண்டு வருஷம், சுவருக்கு இந்தப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கடைசியாக ஒரு வருஷம் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு, காப்புக் கட்டும் நாள் மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் வேட்டியை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன்.

"என்ன லிங்கம், ஏதோ சொல்ல வந்த மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லை அபாங். கோயிலுக்கு எத்தனை மணிக்குக் கிளம்புறீங்கன்னு கேட்க வந்தேன்."

"நாலு மணிக்கு" என்றார். "நீயும் வா, சேர்ந்து போகலாம்."

சேர்ந்துதான் போனோம். அவர் கையில் மஞ்சள் கயிறு கட்டும்போது நான் பக்கத்தில் நின்று, அவருடைய துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அடுத்த திருவிழாவுக்கு அவர் இல்லை.